ஸ்டுட்கார்ட்டில் குடித்தனம்: முதல் சில மாதங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வேலை கிடைத்து, புளூ கார்டு விசாவில் முன்னாலேயே போய்விட்டார். இப்போது தற்காலிக அறையில் இருந்துகொண்டு வீடு தேடுகிறார். நானும் ஐந்து வயது மகளும் மார்ச் மாதம் போகிறோம். விசா, டிக்கெட் பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. அங்கே போய் தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும், எதற்கெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் "போனதும் பழகிடும்" என்கிறார்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

பதில்:

பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே எதையும் யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். ஒன்று, காகிதத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் நீங்கள் செய்யும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டும் நடக்கிற இடம் நீங்கள் குடியிருக்கும் கட்டடம். அதனால் அலுவலகம், ஊர்சுற்றல் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, வீட்டைச் சுற்றியே இந்தப் பதிலை எழுதுகிறேன். வீடும் கட்டடமும் பிடிபட்டால் பாதி நாடு பிடிபட்ட மாதிரி.

கிளம்புவதற்கு முன்பே பார்க்க வேண்டியது பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். ஜெர்மன் அலுவலகங்களின் கணினி குடும்பப் பெயர் இல்லாத மனிதரை ஏற்காது. அந்த இடம் காலியாக இருந்தால் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அப்புறம் குடியிருப்பு அட்டை, வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் அந்தக் கோடு தொடரும். ஒரு இடத்தில் கோடு, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி என்று ஆனால் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டில் இரண்டு இடமும் நிரம்பியிருக்கும்படி ஊரிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். ஆனால் விசா பழைய பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் இப்போது கை வைக்காதீர்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொன்னால் போதும்.

இன்னொரு விஷயம், உங்கள் வீட்டிலேயே மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கக்கூடும். கணவருக்கு அவர் அப்பா பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், மகளுக்கு உங்கள் கணவர் பெயர். நமக்கு இது சாதாரணம். அங்கே "இந்தக் குழந்தை உங்களுடையதா?" என்று ஒரு அலுவலர் முகம் மாறாமல் கேட்பார். அவரைக் கோபித்துப் பயனில்லை. திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவை தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்டால், அங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தால்தான் செல்லும். பொதுவாக அங்கே எல்லோரும் உங்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கும்போது உங்கள் அப்பாவின் பெயருக்கு முன்னால் "ஃப்ராவ்" (திருமதி) சேர்த்து அழைப்பார்கள். அது நம்மைத்தான் என்று உறைக்கச் சில வாரம் ஆகும்.

வீடு கிடைத்து உள்ளே போன அன்றே தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் பெயர் ஒட்டிவிடுங்கள். அங்கே கட்டடத்துக்குத்தான் எண் இருக்கும், பெரும்பாலும் ஃபிளாட்டுக்குத் தனி எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று குடும்பப் பெயர் இருந்தால் மூன்றையும் ஒட்டுங்கள். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வரி எண் வேறொரு கடிதத்தில் என்று எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் வரும்.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பதிவு வேண்டும், குழந்தைக்கும்தான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவம் இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது என்பதால் சாவி வாங்கும்போதே அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள். இந்தப் பதிவு இல்லாமல் மற்ற வேலை எதுவும் நகராது. பதிவு முடிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வரும்வரை கணவரின் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்க வாய்ப்பு உண்டு, பின்னால் சரியாகிவிடும். நீங்கள் வந்து பதிவு செய்ததும் திருமண நிலையை வரி அலுவலகத்தில் மாற்றினால் மாதச் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதையே தெரிந்துகொள்கிறார்கள். மனமொப்பிக் கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

இனி கடிதங்கள். பதிவுக்குப் பிறகு பொது ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கட்டணம் டிவிக்கு இல்லை, வீட்டுக்கு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உங்கள் பெயருக்கும் தனியாகக் கடிதம் வந்தால், கணவரின் கட்டண எண்ணைக் குறிப்பிட்டு அவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்று பதில் போட்டால் முடிந்தது. பதிலே போடாமல் விட்டால்தான் இரண்டு பேருக்கும் பில் வரும். மஞ்சள் உறையில் எப்போதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே பிரியுங்கள். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதியிருப்பார், பதில் சொல்வதற்கான கெடு அந்தத் தேதியில் இருந்து ஓடத் தொடங்கிவிடும். உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஊருக்கு ஒரு மாதம் போகும்போது யாரிடமாவது பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

தடித்த அட்டைக் கோப்பு இரண்டு, ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று, இவை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டியவை. லைட்ஸ் என்ற பெயர் பொறித்த அந்தக் கோப்புகளை நாடு முழுக்க எல்லார் வீட்டு அலமாரியிலும் பார்ப்பீர்கள். அந்த கம்பெனி 1871இல் ஸ்டுட்கார்ட்டில்தான் தொடங்கியது. இந்த ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தின் மேல் இருக்கும் பற்றுக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வீடு என்று சொன்னேன். விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் "குளிர் வாடகை". அதன் மேல் சூடேற்றல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு வரை சேர்த்தால் "சூடான வாடகை". மின்சாரமும் இணையமும் அதற்கும் வெளியே. முன்பணம் குளிர் வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், அதை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. வருடம் ஒருமுறை கூடுதல் செலவுக் கணக்கு வரும். குளிர்காலம் முழுக்க ஹீட்டரை முழு அளவில் வைத்திருந்தால் சில நூறு யூரோ பாக்கி என்று வந்து நிற்கும்.

பல வீடுகளில் சமையலறையே இருக்காது. சமையலறை என்ற அறை இருக்கும். உள்ளே ஒரு தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின்கம்பியும் மட்டும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நம் பொறுப்பு. கூரையில் விளக்குக்குப் பதில் கம்பி தொங்கும். முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையை விற்றுவிட்டுப் போகத் தயாராக இருந்தால், விலை நியாயமாகத் தெரிந்தால், வாங்கிவிடுங்கள். புதிதாகச் செய்து மாட்ட வாரங்கள் ஆகும், அதுவரை ஒற்றை மின்னடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு சமைப்பது பெரும்பாடு.

சாமான்களில் எதை எடுத்து வருவது என்று எல்லோரும் கேட்பார்கள். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட் என்பதால் மிக்ஸியும் டேபிள்டாப் கிரைண்டரும் ஓடும்; பிளக் மட்டும் வேறு. ஊரிலேயே நல்ல தரமான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், மிக்ஸி மாதிரி இழுக்கிற சாதனத்துக்கு மலிவு அடாப்டர் உருகிவிடும். குக்கர் அலுமினியத்தில் வேண்டாம். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு இரண்டு வகை. அதில் இன்டக்‌ஷன் வந்து வாய்த்தால் அலுமினியக் குக்கர் அலமாரியில்தான் இருக்கும். அடி தட்டையான, இன்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கர் எந்த அடுப்பானாலும் ஒத்துப்போகும். இட்லித் தட்டு கட்டாயம் எடுத்து வாருங்கள். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணப்பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அப்படித்தான். நிழலில் காயவைத்துப் பொடித்துக் கொண்டுவாருங்கள்.

மாவு புளிப்பதுதான் குளிர்காலத்தின் பெரிய கவலை. ஓவனைச் சூடாக்காமல், அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் ராத்திரி முழுக்கப் பொங்கிவிடும். காலையில் யாரும் ஓவனை முடுக்கிவிடாமல் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

அடுத்து சொல்லப்போவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வீட்டுக்காரருக்கும் நம்மவருக்கும் வரும் சண்டையில் பெரும்பகுதி இதில்தான். ஜன்னல். அங்கே வீடுகள் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டப்பட்டவை. குளிர்காலத்தில் இட்லி வேகவைத்து, குக்கரில் நாலு விசில் விட்டு, துவைத்த துணியை உள்ளேயே காயப்போட்டால் அந்த ஈரமெல்லாம் வெளிச்சுவர் மூலையில் போய்த் தங்கிக் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது "நீங்கள் காற்று விடவில்லை" என்று முன்பணத்தில் கைவைப்பார்கள். ஜன்னல் கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் முழுதாகத் திறக்கும், மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சாயும். குளிர்காலத்தில் சாய்த்து வைத்து நாள் முழுக்க விடுவது வீண். சுவர் குளிரும், காற்றும் மாறாது. ஹீட்டரைக் குறைத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடிவிடுங்கள். காலை, மாலை, சமைத்த பிறகு என்று தினமும். தாளிப்பு வாசனைக்கும் இதுதான் மருந்து, ஏனென்றால் பல வீடுகளில் புகைபோக்கி வெளியே விடாது, கரி வடிகட்டி வழியாக அதே காற்றைத் திரும்ப உள்ளேயே விடும். மிளகாய் வறுக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் அறைக்கதவை மூடிக்கொள்ளுங்கள். படுக்கையறையிலும் நடையிலும் புகை எச்சரிக்கை மணி இருப்பது சட்டப்படி கட்டாயம், அது அலறினால் கட்டடமே படியில் வந்து நிற்கும்.

சத்தம் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி, ஞாயிறு முழுக்க அமைதி. சில கட்டடங்களில் மதியத்துக்கும் உண்டு. வீட்டு விதிகள் கீழ் நடையில் ஒட்டியிருக்கும், போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள். கிரைண்டரைச் சனிக்கிழமை பகலில் போடுங்கள். சுவரில் ஆணி அடிப்பது, துளையிடுவது எல்லாம் வேலைநாளில். குழந்தை ஓடுவதற்கும் அழுவதற்கும் ரொம்பப் பயப்பட வேண்டாம், குழந்தைச் சத்தத்தை நீதிமன்றங்களே பெருமளவு பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றன.

ஸ்டுட்கார்ட் பகுதிக்கே உரிய ஒன்று கேர்வொகே. வாரம் ஒரு வீட்டார் முறைவைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்ததும் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும், முடித்ததும் நீங்கள் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். சின்ன முறை என்றால் உங்கள் மாடிப் படிகள். பெரிய முறை என்றால் வாசல், நிலவறை, நடைபாதை, குளிர்காலத்தில் பனி தள்ளுவது எல்லாம் சேரும். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். சில கட்டடங்கள் ஆள் வைத்துச் செய்கின்றன, அப்போது அந்தச் செலவு கூடுதல் கணக்கில் வரும். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடும் ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். படி அழுக்கா இல்லையா என்பதை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் துடைத்தீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாளியோடு நின்றால் கட்டடத்தில் பாதிப் பேர் உங்களுக்கு அறிமுகமாகிவிடுவார்கள்.

அண்டை வீட்டாரைப் பற்றி என் அனுபவத்தில் சொல்வது இது. அவர்கள் தாமாக வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், நாம் தட்டினால் சந்தோஷப்படுவார்கள். குடிவந்த முதல் வாரத்திலேயே மகளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, பெயர் சொல்லி, இந்த மாடிக்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். படியில் எதிர்ப்பட்டால் "க்ரூஸ் காட்" என்று சொல்லாமல் கடக்காதீர்கள். வயதானவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். அப்புறம் பார்சல். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சலைக் கூரியர்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தார் என்று ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அதேபோல அடுத்தவர் பார்சலும் உங்களிடம் வரும். பகலில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான் என்பதால் கொஞ்ச நாளில் கட்டடத்தின் பார்சல் அலுவலகமே நீங்களாகிவிடுவீர்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். மாலையில் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போகும்போது இரண்டு நிமிடம் பேசுவார்கள், ஜெர்மன் பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் குழந்தை டாக்டரிடம் போகலாம் என்று சொல்லப்போவதும் அவர்கள்தான்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக: காகிதம், சமையல் கழிவு, மஞ்சள் பை அல்லது மஞ்சள் தொட்டிக்கான பேக்கிங் கழிவு, மீதி எல்லாம் என்று நான்கு. கண்ணாடிக் குப்பிகளை நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும், ஞாயிறன்று போடக் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் குளிர்பான டப்பாவையும் நசுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கியிருப்பார்கள், கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். மகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிடும்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகளும் காலையில் சில பேக்கரிகளும் விதிவிலக்கு. நீங்கள் மார்ச்சில் வருவதால் ஈஸ்டர் சீக்கிரமே வந்துவிடும். பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை கிடையாது. அரிசி பருப்பு இருக்கும், பாலும் காய்கறியும்தான் வியாழனன்றே வாங்கி வைக்க வேண்டும். மலிவு விலைக் கடைகளின் கவுண்டரில் சாமான்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்; அங்கே நின்று அடுக்காதீர்கள், அப்படியே தள்ளுவண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு ஓரமாக வந்து பையில் அடுக்குங்கள். சில பேக்கரிகளில் இன்னும் காசுதான் வாங்குவார்கள்.

உடம்புக்கு வருவோம். அரசுச் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டில் கணவர் இருந்தால், சம்பாதிக்காத மனைவியும் குழந்தையும் தனிக் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேரலாம். வந்த வாரமே விண்ணப்பியுங்கள். குழந்தை டாக்டர்களில் பலர் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை, ஆகவே நோய் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே நாலைந்து இடத்தில் கேட்டுப் பதிந்துவையுங்கள். இரவிலோ வார இறுதியிலோ அவசரம் இல்லாத தொந்தரவு என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. சாதாரணச் சளி காய்ச்சலுக்கு "நிறையத் தண்ணீர், டீ, மூன்று நாள் ஓய்வு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லையே என்று நம்மவர்களுக்கு மனசு ஆறாது. அது அலட்சியம் இல்லை. தேவையில்லாமல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. ஆனால் ஐந்து நாளாகியும் இறங்கவில்லை என்றால் தயங்காமல் திரும்பப் போய் அழுத்திச் சொல்லுங்கள்.

மகளின் தடுப்பூசி அட்டை பாஸ்போர்ட்டுக்குச் சமம். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான சான்று இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச் முதல் அது சட்டம். பள்ளிக்கும் அந்தச் சான்று வேண்டும். அந்த மாநிலத்தில் ஜூன் 30க்குள் ஆறு வயது முடிகிற குழந்தை அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்குப் போக வேண்டும். மகளின் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் கிண்டர்கார்டனா பள்ளியா என்று முடிவாகும். கிண்டர்கார்டன் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தால் முதல் நாளே விட்டுவிட்டு வந்துவிட முடியாது. சில நாள் நீங்களும் உள்ளே உட்கார்ந்திருந்து, அரை மணி, ஒரு மணி என்று மெல்ல விலக வேண்டும். மொழி தெரியாத குழந்தைக்கு இது பெரிய வரம். மழையிலும் வெளியே விளையாட விடுவார்கள், ஆகவே மழைக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே போட ஒரு செருப்பு எல்லாம் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். "நனைந்துவிட்டாளே" என்று ஆசிரியரிடம் போய் நின்றால் அவருக்குப் புரியாது. பள்ளி தொடங்கும் நாளில் பெற்றோர் ஒரு பெரிய கூம்புப் பையில் இனிப்பும் பென்சிலும் நிரப்பிக் கையில் கொடுப்பார்கள். எல்லாக் குழந்தைகளும் வைத்திருக்கும், உங்கள் மகள் மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பள்ளி தொடங்கிய பிறகு, டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு நாலு நாள் முன்னாலேயே ஊருக்குக் கிளம்ப முடியாது. அனுமதியின்றிப் பள்ளியைத் தவறவிட்டால் பெற்றோருக்கு அபராதம்.

மொழியைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான். கணவரின் அலுவலகம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். உங்கள் உலகம் முழுக்க ஜெர்மன். முதலில் வீடு செட்டாகட்டும், அப்புறம் படிக்கலாம் என்று தள்ளுகிறவர்கள் இரண்டு வருடம் கழித்தும் டாக்டரிடம் போகக் கணவர் விடுப்பு எடுக்கக் காத்திருக்கிறார்கள். ரோட்டெபூல்ப்ளாட்ஸில் இருக்கும் மக்கள் கல்விக்கூடமான ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் வந்த மாதமே சேருங்கள். வகுப்பில் கற்பது ஒரு ஜெர்மன், பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவது ஷ்வேபிஷ் என்ற வட்டார வழக்கு. முதலில் ஒன்றும் புரியாது, வெளி மாநில ஜெர்மானியர்களே அதில் திணறுகிறார்கள், விடுங்கள். புளூ கார்டுக்காரர் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 என்ற இடைநிலை அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதம். ஆகவே அவரையும் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு வேலை செய்யத் தடை ஏதும் இல்லை. சார்லோட்டன்ப்ளாட்ஸில் நகராட்சியின் வெல்கம் சென்டரில் இலவசமாகவே ஆலோசனை சொல்வார்கள், ஆங்கிலத்திலும் பேசலாம்.

போக்குவரத்தில் பிரச்சினை குறைவு. மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்று இருந்தால் விரைவு ரயில்கள் தவிர நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, இப்போது ஏறிவிட்டது. இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு, பத்து வருடம் ஓட்டியவரும் வகுப்புக்குப் போகாமல் தேறுவது அபூர்வம்.

தனிமை வரும். நவம்பர், டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஜெர்மன்காரர்கள் "வாங்களேன் ஒருநாள்" என்று சும்மா சொல்ல மாட்டார்கள்; சொன்னால் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி குறித்து, அன்று சொன்ன நேரத்துக்கு எதிர்பார்ப்பார்கள். அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள், அபசகுனமாக நினைப்பார்கள். நம் ஆட்களும் நிறையவே இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் நமக்கு முன்னாலேயே இந்த நாட்டில் வேர்விட்டவர்கள். இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய் எல்லாம் அவர்கள் கடையில்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளையும் அவர்கள்தான் பல நகரங்களில் நடத்துகிறார்கள், மகளைச் சேர்த்துவிடலாம். ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோவில் கோபுரத்தோடு நிற்கிறது. ஸ்டுட்கார்ட்டில் இருந்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். கோடையில் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஆனால் முதல் வருடமே தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்குள் மட்டும் அடைந்துவிடாதீர்கள். அங்கே கிடைக்கும் அறிவுரையில் பாதி, யாரோ ஒருவருக்கு எப்போதோ நடந்ததைப் பொதுச் சட்டமாகச் சொல்வது.

அம்மா அப்பாவைக் கூப்பிட ஆசை வரும். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். மே முதல் செப்டம்பருக்குள் வரச்சொல்லுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, ஊரும் மேடும் பள்ளமுமாக இருக்கும். கணவர் இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கிறார் என்றீர்களே, மூட்டுவலிக்காரர்கள் யாராவது வந்து தங்குவார்கள் என்றால் நாலாவது மாடி வீட்டைப் பார்க்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.